காற்றை வென்ற வளையம்

மனிதன் வெட்கப்பட வேண்டிய காரியங்கள் உலகில் பல உள. பொய் சொல்லுதல் வெட்கம். ஏழையின் கூலியில் கைவைத்தல் வெட்கம். பிறப்பைக் காட்டி ஒருவனைத் தாழ்த்துதல் வெட்கத்திலும் வெட்கம். இவற்றுக்கெல்லாம் நாணாத மனிதன், தன் சரீரத்தின் ஓர் உறுப்பு தன் எண்ணப்படி நடவாமற்போனால் மட்டும் நாணித் தலைகவிழ்கிறான். காலில் புண் வந்தால் ஊரறிய மருந்து கட்டுகிறான். கண் மங்கினால் கண்ணாடி அணிகிறான். பல் விழுந்தால் பொய்ப்பல் கட்டிக்கொண்டு சிரிக்கிறான். ஆண்குறி விறைப்பிழந்தாலோ மனைவியிடத்தும் சொல்வதில்லை, வைத்தியரிடத்தும் சொல்வதில்லை. சந்தையிலே விரிப்பு விரித்துக் குப்பிகளை அடுக்கி வைத்திருப்பவனிடம், இருட்டிய பின் போய் நிற்கிறான்.

ராசா முதல் பத்தாங் காலி வரையிலும், கோல குபு முதல் கோல சிலாங்கூர் வரையிலும் பரந்து கிடக்கும் வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் வாழும் நம்மவர்க்கு இக்காட்சி புதிதன்று. சம்பள நாளில் லேகியம் கொண்டு வந்தவனை நம் பாட்டனார் அறிவர். இரவுச் சந்தையில் வேர்களைக் காட்டிக் கூவியவனை நம் தந்தையார் அறிவர். இன்று அவன் நடந்து வருவதுமில்லை, கூவுவதுமில்லை. கைப்பேசியின் கண்ணாடியிலே தோன்றுகிறான். அவன் கடையில் லேகியத்தோடு புதிய சரக்கு ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஒரு குழல், அதன் தலையில் ஒரு சிறு பம்பு, அடியில் ஒரு வளையம். 'ஆண்மையைப் பெருக்கும் பம்பு' என்பது அதற்கு அவன் இட்ட பெயர்.

வாங்கியவர் வாயினின்று முதலில் வரும் குறை, "காற்று நிற்கவில்லை" என்பதே. பம்பை அழுத்துவர், புஸ்ஸென்று காற்று உட்புகும். மீண்டும் அழுத்துவர், மீண்டும் புகும். முடிவில் கருவியைப் பழந்துணியில் சுற்றிப் பெட்டியின் அடியிலே போட்டுவிட்டு, 'நமக்கு விதித்தது இவ்வளவே' என்று பெருமூச்சு விடுவர். விதிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? விளிம்பு சரியாகப் பொருந்தவில்லை, அவ்வளவே! ஒரு வளையத்தின் குறையைத் தன் பிறவிக் குறையாக எண்ணி மனிதன் மாய்வதைக் கண்டு நாம் வாளாவிருக்கலாகாது. இக்கருவி எங்ஙனம் பிறந்தது, இதில் அறிவியல் எவ்வளவு, ஏமாற்று எவ்வளவு என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

காற்றை வாங்கிச் சரீரத்தின் ஓரிடத்திற்கு இரத்தத்தை வரவழைக்கலாம் என்பதை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தான். சுசுருதரின் பெயரால் வழங்கும் வைத்திய நூல், இரத்தம் வாங்குதற்குக் கொம்பையும் சுரைக்குடுவையையும் கருவிகளாகச் சொல்கிறது. கொம்பில் வாய் வைத்து உறிஞ்சுவர். குடுவையின் உள்ளே தீபத்தின் சூட்டைக் கொண்டு காற்றைக் குறைப்பர். நம் அண்டை வீட்டு மலாய் மக்கள் 'பெக்காம்' என்று செய்துகொள்வதும் இவ்வினமே. இவை எல்லாவற்றிலும் ஒரு விதி பொது. குடுவையின் விளிம்பு தோலோடு முற்றும் ஒட்டினால் தோல் மேலெழும். எறும்பு நுழையும் இடைவெளி இருந்தாலும் ஒன்றும் நிகழாது.

காரணம் விளங்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. 'இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது' என்று ஐரோப்பியப் பண்டிதர் நெடுங்காலம் ஓதிக்கொண்டிருந்தனர். ஏன் வெறுக்கிறது என்று கேட்டார் இல்லை. 1640களில் இத்தாலியரான டாரிசெல்லி, பாதரசம் நிறைந்த குழலைக் கவிழ்த்து நிறுத்தி, அதனைத் தாங்கி நிற்பது வெளிக்காற்றின் அழுத்தமே என்று தெளிந்தார். கடல் மட்டத்தில் அவ்வழுத்தம் 760 மில்லிமீட்டர் உயரமுள்ள பாதரசத்தைத் தாங்கும். நம் ஒவ்வொரு சதுரச் சென்டிமீட்டர் தோலின் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் பாரமாகக் காற்று அமர்ந்திருக்கிறது. எப்பக்கமும் ஒக்க இருப்பதால் நாம் அதனை உணர்வதில்லை.

ஜெர்மனியிலுள்ள மக்டபர்க் நகரத் தலைவர் ஒட்டோ ஃபான் கெரிக்கே இதனை ஊரறியச் செய்தார். அவர் செம்பினால் இரண்டு அரைக்கோளங்கள் செய்வித்து, ஒன்றோடொன்று பொருத்தி, தாம் கண்டுபிடித்த பம்பினால் உள்ளிருந்த காற்றை வாங்கினார். 1657ஆம் ஆண்டில் பக்கத்திற்கு எட்டாகப் பதினாறு குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்தார். குதிரைகள் திணறின. இக்கதையைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவர். ஆயினும் நம் ஆராய்ச்சிக்கு வேண்டிய முக்கியமான பொருளைப் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அவ்விரு பாதிகளுக்கும் இடையே கெரிக்கே ஒரு தோல் வளையத்தை வைத்தார். அதனை மெழுகும் டர்பன்டைன் எண்ணெயும் கலந்த குழம்பில் ஊறவைத்திருந்தார். அத்தோல் வளையம் இல்லையாயின், செம்பும் செம்பும் சந்திக்கும் இடுக்கின் வழியே காற்று நுழைந்திருக்கும். ஒரு கழுதை கூட அக்கோளத்தைப் பிரித்திருக்கும். குதிரைகளை வென்றது பம்பு மட்டுமன்று; ஊறிய தோல் வளையமும் என்பதை மறவாதிருப்போமாக.

தோலும் மெழுகும் நெடுநாள் உழையா. காற்றை அடைப்பதற்கு வளைந்து கொடுக்கும், மீண்டும் நிமிரும் ஒரு பொருள் வேண்டியிருந்தது. அது ரப்பர். 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் ரப்பர் வெயிலில் இளகாமலும் குளிரில் நொறுங்காமலும் நிற்கும் என்று கண்டார். அன்று முதல் ரப்பர் வளையம் இல்லாத பம்பும் இல்லை, இயந்திரமும் இல்லை என்றாயிற்று. 1876இல் விக்ஹம் என்பார் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டு சென்றார். அவற்றின் வழி வந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. அதன்பின் நிகழ்ந்தது நம்மவர் இரத்தத்தால் எழுதிய வரலாறு. கங்காணியின் பின்னே கப்பலேறி வந்த தமிழன் காட்டை அழித்துக் கித்தா நட்டான். விடியுமுன் எழுந்து கோடு கீறினான். மங்கில் வடிந்த பாலைச் சுமந்தான். உலகத்தின் சக்கரங்களும் வளையங்களும் அந்தப் பாலிலிருந்து உருண்டன. 'ரப்பர் வளையம் எங்ஙனம் காற்றைப் பிடிக்கிறது?' என்று நம்மவனே அறியாமல் ஏமாறுவது எத்தகைய விந்தை!

நிற்க. இனி ஆண்குறிக்குரிய கருவியின் கதைக்கு வருவோம்.

1874இல் அமெரிக்க வைத்தியரான ஜான் கிங், ஆண்மைக் குறைவுடையோர் காற்று வாங்கும் கண்ணாடிக் குழலை அவ்வுறுப்பின் மீது வைத்தல் நலம் என்று எழுதினார். குழலின் உள்ளே அழுத்தம் குறையும்போது, இரத்தம் அவ்விடம் நோக்கி விரைந்து நிரம்பும், உறுப்பு விறைக்கும். ஆனால் குழலை எடுத்தவுடன் வந்த இரத்தம் வந்த வழியே திரும்பிவிடும். நோயின் பாதி தீர்ந்தது; பாதி நின்றது. மற்றப் பாதிக்கு விடை கண்டவர் ஒட்டோ லெடரர். விறைத்த உறுப்பின் அடியிலே ஓர் இறுக்கு வளையத்தை இட்டு இரத்தத்தை நிறுத்திவைக்கும் முறைக்கு அவர் 1917இல் அமெரிக்காவில் உரிமைப்பத்திரம் பெற்றார். அதே 1917இல்தான் நமது கோல சிலாங்கூர்ப் பகுதியில், 'தென்னமரம்' என்று தமிழ்ப் பெயர் தாங்கிய தோட்டத்தில், பிரஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே இந்நாட்டில் முதன்முதலாகச் செம்பனையை வாணிகப் பயிராக நட்டார். செம்பனை நாற்பது ஐம்பது ஆண்டுகளில் கித்தாவைத் தள்ளி நாட்டை மூடத் தொடங்கிற்று. லெடரரின் கருவியோ ஏறத்தாழ அத்தனை காலமும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. செம்பனையால் வரும் பொருளைப் பற்றிப் பேச எவரும் கூசவில்லை. இதனைப் பற்றிப் பேச எல்லாரும் கூசினர்.

கூசாதவர் ஒருவர் 1960களில் தோன்றினார். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டயர்த் தொழிலில் ஈடுபட்டிருந்த கெடிங்ஸ் ஆஸ்பன் என்னும் முதியவர்க்கு விறைப்புக் குறைந்தது. அவர் வைத்தியரல்லர், பண்டிதருமல்லர். ரப்பரும் காற்றும் பழகிய கையினர். தமக்கென்றே ஒரு பம்பும் குழலும் வளையமும் செய்துகொண்டு, 'இளமைக்கு ஈடான கருவி' என்று பெயரிட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தாமே பயன்படுத்தினார். வைத்திய உலகம் முதலில் இதனைப் பொருட்படுத்தவில்லை. ஆயினும் அவர் விடவில்லை. 1982இல் அமெரிக்க உணவு மருந்து ஆணையம் அக்கருவியை விற்க அனுமதி அளித்தது. 1986 முதல் வைத்தியப் பத்திரிகைகளில் இதனைச் சோதித்த கட்டுரைகள் வெளிவந்தன. 1996இல் அமெரிக்கச் சிறுநீரியல் வைத்தியர் சங்கம், ஆண்மைக் குறைவுக்குரிய ஏற்கத்தக்க சிகிச்சைகளுள் ஒன்றாக இதனைச் சேர்த்தது. 1998இல் வயாக்ரா மாத்திரை வந்த பின்னும், மாத்திரை ஒவ்வாதவர்க்கும் பலிக்காதவர்க்கும் இக்கருவி உதவி வருகிறது. டயர்க்காரர் ஒருவர் வெட்கத்தை விட்டதால் எத்தனையோ குடும்பங்களில் கண்ணீர் நின்றது என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

இனி, காற்று ஏன் நிற்பதில்லை என்பதைப் பார்ப்போம்.

முதலிலே குறை கருவியிலா, பொருத்தத்திலா என்று பிரித்தறிதல் வேண்டும். அதற்குச் சந்தை வைத்தியன் சொல்லாத எளிய சோதனை ஒன்றுண்டு. குழலின் வாயை ஈரமான உள்ளங்கையால் மூடிக்கொண்டு பம்பை இருமுறை மெல்ல இயக்குக. கை பற்றப்பட்டு நின்றால் கருவி நன்று. உடலோடு சேருமிடத்தில்தான் குறை. கை பற்றப்படாவிட்டால் குழலும் பம்பும் சேரும் மூட்டிலோ, காற்றுத் திறப்பிலோ, தேய்ந்த வளையத்திலோ பழுதிருக்கிறது; எத்தனை நாள் முயன்றாலும் அது நில்லாது.

உடலோடு சேருமிடத்திற்கு மூன்று பகைகள் உள. ஒன்று ரோமம். விளிம்பின் கீழ் அகப்பட்ட ஒவ்வொரு மயிரும் காற்றுக்கு ஒரு வாய்க்கால். அடியிலுள்ள ரோமத்தைக் கத்திரித்துக் குறைத்தல் வேண்டும்; சவரக் கத்தி வேண்டா, கீறல் புண்ணாகும். இரண்டாவது வறட்சி. கெரிக்கே தம் தோல் வளையத்தை ஊறவைத்தது போலவே, இங்கும் அடித்தோலிலும் குழலின் விளிம்பிலும் நீரில் கரையும் வழுவழுப்புக் களிம்பைத் தாராளமாகத் தடவுதல் வேண்டும். தேங்காயெண்ணெயும் வாசலினும் தைலமும் ஆகா. கித்தாத் தகட்டில் எண்ணெய் பட்டால் ஊறிக் கெடும் என்பதைத் தோட்டத்திலே பிறந்தவர்க்கு நாம் கற்பிக்க வேண்டுவதில்லை. மூன்றாவது கோணல். குழலை அடிவயிற்றெலும்பின் மீது நேராக, சுற்றிலும் ஒக்கப் பதியுமாறு, அழுத்திப் பிடித்தல் வேண்டும். சாய்த்துப் பிடித்தால் ஒருபுறம் இடைவெளி விழும். நின்றுகொண்டேனும், நாற்காலியின் முனையில் அமர்ந்தேனும் செய்வது எளிது. விதைப்பையின் தளர்ந்த தோல் குழலுக்குள் இழுக்கப்படாதபடி மற்றொரு கையால் ஒதுக்கிக்கொள்க.

குழலின் அளவும் கவனிக்கத்தக்கது. பெரியது வாங்கினால் பெருமை என்று எண்ணி அகன்ற குழலை வாங்குவோர் உளர். அகன்ற குழலுக்குள் உறுப்புக்குப் பதிலாகச் சுற்றியுள்ள தோலே இழுபடும். பிடிப்பும் கெடும், வலியும் உண்டாகும். அதற்காகவே நல்ல கருவிகளில் வாயைச் சுருக்கும் வளையங்களைச் சேர்த்தே தருகின்றனர். பிடிப்பு பலத்தால் வருவதன்று, பொருத்தத்தால் வருவது. ஆகவே ஒருமுறை இருமுறை பம்பி, சிறிது பொறுத்து, மீண்டும் பம்புக. நிறையச் சில நிமிடங்கள் ஆகும். முதல் நாளிலே பலிக்கவில்லையென்று கைவிடுதல் கூடாது. சில நாட்பழக்கத்தால் கை தானே கற்றுக்கொள்ளும்.

காற்றை அடைக்கக் கற்றவன், எங்கே நிறுத்துவது என்பதையும் கற்றல் வேண்டும். காற்றின் முழு அழுத்தம் ஏறத்தாழ 30 அங்குலப் பாதரசம். இக்கருவி அதில் 17 அங்குலத்துக்கு மேல் வாங்கலாகாது என்று 2004இல் அமெரிக்க ஆணையம் வரம்பிட்டது. அவ்வரம்பில் தானே நின்றுவிடும் தடுப்பும், உடனே காற்றை உள்ளே விடும் திறப்பும் இல்லாத கருவியை இலவசமாகத் தந்தாலும் வாங்க வேண்டா. அடியில் இடும் இறுக்கு வளையத்தை 30 நிமிடத்துக்குள் கழற்றிவிடுதல் வேண்டும். மறந்து உறங்கினால் சதை அழியும் அபாயம் உண்டு. இரத்தத்தை இளக்கும் மருந்து உண்போரும், இரத்தம் உறையாத நோயுடையோரும், தணியாத விறைப்பு முன்னொருகால் வந்தோரும் வைத்தியரைக் கேளாமல் இதனைத் தொடலாகாது. நீரிழிவால் உணர்ச்சி மரத்தவர் தனிக் கவனம் கொள்க. வலி அவர்க்கு எச்சரிக்கை செய்யாது.

இனி ஏமாற்றின் பங்கைச் சொல்வோம். 'பெருக்கும்' என்ற ஒரு சொல்லே அவ்வேமாற்றின் முழுவுருவம். ஈரான் நாட்டு வைத்தியர்கள் 37 ஆடவரை ஆறு மாதம் இக்கருவியைப் பயன்படுத்தச் செய்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். சராசரி நீளம் 7.6 சென்டிமீட்டரிலிருந்து 7.9 ஆயிற்று; கணக்கியல்படி அது வளர்ச்சியென்று கொள்ளத்தக்கதன்று. கருவியினுள்ளே தோன்றும் பருமன் இரத்தத்தின் பருமன். இரத்தம் திரும்பினால் அதுவும் திரும்பும். விறைப்பைத் தருவது மெய். வளர்ச்சியைத் தருவது பொய். இம்மெய்யைக் காட்டி அப்பொய்யை விற்பதே வியாபாரியின் சாமர்த்தியம். 'ஒரு துளி விந்து பல துளி இரத்தம்' என்று இளைஞரை அச்சுறுத்தி லேகியம் விற்ற பழைய சாமர்த்தியமும் இதன் உடன்பிறப்பே. அந்த லேகியங்களிலும் 'மூலிகை' என்று முத்திரையிட்டு வயாக்ராவின் சரக்கை மறைத்துக் கலந்தவை இந்நாட்டில் பன்முறை பிடிபட்டுள்ளன. மார்வலிக்கு நாவின் கீழ் மாத்திரை வைத்துக்கொள்ளும் முதியவர் அதனை உண்டால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே கேடாம்.

சட்டம் உறங்கவில்லை. மலாயாவில் 1956இல் இயற்றப்பெற்ற மருந்து விளம்பர விற்பனைச் சட்டம், பொதுமக்களுக்குச் சிகிச்சை விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் ஆண்மைக் குறைவையும் வைத்தது. இந்தியாவில் 1954லேயே மாய மருந்துகளின் விளம்பரத்தைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. 2012இல் மலேசியா வைத்தியக் கருவிகளுக்கும் தனிச் சட்டம் கண்டது. ஆனால் ஏமாந்தவன் வாய்திறந்து புகார் சொன்னாலன்றோ சட்டம் கை நீட்டும்? வெட்கத்தால் அவன் வாய் மூடியிருக்கும்வரை வியாபாரிக்கு அச்சம் ஏது?

இதிலே நம் சமூகத்துக்குத் தனிப்பட்ட கேடு ஒன்றும் உண்டு. 2019ஆம் ஆண்டு நாட்டு நலவாழ்வு ஆய்வின்படி மலேசியாவில் வளர்ந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்க்கையில் இந்தியரே முதலிடம். நீரிழிவுடைய ஆடவருள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு விறைப்புக் குறைவு உண்டாவதாக உலக ஆராய்ச்சிகள் கூறுகின்றன. இரத்தக் குழாய்கள் அடைபடுவதாலும் நரம்புகள் தளர்வதாலும் இது நேர்கிறது. ஆண்குறியின் இரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களினும் சிறியவை. ஆதலால் அடைப்பு முதலில் அங்கே தோன்றிச் சில ஆண்டுகள் கழித்து இதயத்தில் தோன்றுவதும் உண்டு. அக்குறை உடல் அனுப்பும் கடிதம். அதனைப் பிரித்துப் படியாமல் சந்தையில் குப்பி வாங்கி மூடுகிறவன், மாரடைப்பு வருங்கால் 'திடீரென்று வந்தது' என்கிறான். திடீரென்று வரவில்லை; முன்பே எழுதிற்று; படிக்க வெட்கினான்.

மற்றொருவர் படும் துயரையும் மறத்தலாகாது. வீட்டில் மகவு இல்லையென்றால் ஊர் யாரைப் பழிக்கிறது? பெண்ணை. கணவன் தன் குறையை மறைத்து வைத்திருக்க, மனைவி கோயில் கோயிலாகச் சுற்றி, மண்சோறு உண்டு, மாமியார் வாயில் 'மலடி' என்ற பட்டமும் பெறுகிறாள். ஆணின் வெட்கத்துக்குப் பெண் வட்டி கட்டுகிறாள்! இதனினும் அநீதி யாது? கணவனும் மனைவியும் ஒன்றாக வைத்தியர் முன் அமர்ந்து பேசுவதே நேர்மை. இக்கருவியைப் பயன்படுத்துவதிலும், மனைவி அறிய, அவள் மனமொப்பப் பயன்படுத்துவோர்க்கே அது எளிதாகக் கைவரும். ஒளித்துவைத்து, அவசரத்திலும் அச்சத்திலும் பம்புகிறவனுக்குக் காற்றும் நில்லாது, மனமும் நில்லாது.

ஆகவே நம்மவர்க்கு நாம் சொல்வது இது. குறை தோன்றினால் முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குச் செல்க. இரத்தத்தில் சர்க்கரையையும் அழுத்தத்தையும் பார்க்கச் செய்க. கருவி வேண்டுமென்று வைத்தியர் சொன்னால், வரம்புத் தடுப்புள்ளதைக் கேட்டு வாங்கி, இயக்கும் முறையைக் கூசாமல் அவரிடமே கற்க. டயர்க்காரர் ஆஸ்பனுக்கு இருந்த துணிவு, கித்தாப் பாலில் உலகத்தின் சக்கரத்தை ஓட்டிய நம்மவர்க்கு இல்லாமற்போகுமோ?

குழலின் வாய் இறுக மூடியிருக்கட்டும். மனிதனின் வாய் திறக்கட்டும். இதுகாறும் நாம் குழலை நெகிழவிட்டு வாயை இறுக மூடியிருந்தோம். அதனாலேயே காற்றும் நிற்கவில்லை, கவலையும் தீரவில்லை.